என் முகத்துக்கு யார் கடன் தருவார்கள்?

போன வெள்ளிக்கிழமை மத்தியானம், புனே கராடியில் எங்கள் ஃப்ளாட் வாசலிலேயே என் மானம் போனது.

பெண்ணுக்கு காலேஜ் ஃபீஸ் கட்ட திங்கட்கிழமை கடைசி நாள். தவறினால் சீட் போச்சு. என் டெபாசிட்டோ அடுத்த மாதம்தான் கைக்கு வரும். "என் வளையலை வெச்சு வாங்குங்களேன்" என்றாள் மனைவி. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. இத்தனை வருஷம் ஐ.டி.யில் குப்பை கொட்டியிருக்கிறேன்... என் முகத்துக்குக் கடன் கிடைக்காதா?

கிடைக்கும் என்றது ஒரு கம்பெனி. நகை வேண்டாம், பத்திரம் வேண்டாம். ஆள் ஒருத்தர் வந்து எதிர் வீட்டில் என்னைப் பற்றி ஒரு வார்த்தை விசாரிப்பார், அவ்வளவுதான். எப்போது வரலாம்? மத்தியானம் இரண்டு மணிக்கு எனக்கு மீட்டிங் இல்லை. வரச் சொல்லிவிட்டேன்.

புனேயில் குடியிருப்பவன் செய்கிற காரியமா இது? இந்த ஊரில் ஒரு மணியிலிருந்து நாலு மணி வரை தூக்கம். கடைக்காரரே ஷட்டரை இறக்கிவிட்டுத் தூங்கப் போய்விடுவார். எதிர் வீட்டு தேஷ்பாண்டே காகாவோ (இங்கே பெரியவர்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர். அவர் வீட்டு காலிங் பெல்லை அந்த நேரத்தில் அடித்தால்...

அடித்தார் அந்தக் கம்பெனி மனுஷர். மூன்று தடவை!

"எதிர் வீட்டுக்காரரைத் தெரியுமா, சார்?"

"நாஹி மாஹீத்!" தெரியாதாம். என் வாசலில் பல்லை இளித்துக்கொண்டு நின்ற என்னை ஏறிட்டும் பார்க்காமல் கதவைப் படாரென்று சாத்திவிட்டார்.

சாயங்காலமே மெசேஜ் வந்தது — லோன் ரிஜெக்டட். மனைவி வளையலைக் கழற்றி டேபிளில் வைத்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள், படுபாவி.

விறுவிறுவென்று காகா வீட்டுக்குப் போனேன். "பதினோரு வருஷமா எதிர்ல இருக்கேன். என்னைத் தெரியாதா காகா?"

"தூக்கத்துல எழுப்பினா எனக்கு என் பெண்டாட்டியையே தெரியாது" என்றார் இந்தியில். துளி வருத்தம் இல்லை! "சரி, விஷயம் என்ன?"

சொன்னேன். மொபைலை எடுத்தார். அங்கேயே, நின்றபடியே பணத்தை அனுப்பிவிட்டார்.

"பேப்பர் ஏதாவது எழுதித் தரட்டுமா காகா?"

"எதுக்கு? எதிர்லதானே இருக்கே."

 இந்த மனுஷரிடமா சண்டைக்கு வந்தோம் என்று வெட்கமாக இருந்தது. உடனே ஃபீஸைக் கட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை ஹவுசிங் சொசைட்டி மீட்டிங். தண்ணீர் டேங்கர், லிஃப்ட் ரிப்பேர், பார்க்கிங் சண்டை... எதுவானாலும் திட்டு செக்ரட்டரிக்குத்தான். அதனால் அந்தப் பதவி என்றாலே எல்லோரும் ஓட்டம் பிடிப்பார்கள். காகா எழுந்தார். என் பெயரைச் சொன்னார். முடியாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவர் என்னைப் பார்த்து மெதுவாகச் சிரித்தார். வாயை மூடிக்கொண்டேன்.

அடமானம் இல்லாத கடன் என்று உலகத்தில் ஒன்று இருக்கிறதா என்ன? காகாவின் பணத்தை அடுத்த மாதமே திருப்பிக் கொடுத்துவிடுவேன். செக்ரட்டரி பதவி — ஐந்து வருஷம்!