பச்சை பிக்கப்பும் 'வாறம்' என்ற சொல்லும்: டோஸ்ட்ருப்பிலிருந்து ரண்டர்ஸ் வரை

போன ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை, டென்மார்க்கில் நாங்கள் இருக்கிற டோஸ்ட்ருப்பிலிருந்து யூலண்டுப் பக்கத்து ரண்டர்ஸுக்கு வாகனம் பார்க்கப் போனோம். 1953ஆம் ஆண்டு அமெரிக்க பிக்கப். முழுதாகத் திருத்திப் பச்சை வர்ணம் பூசியது, விளம்பரத்தில் விலை 165,000 குரோனர். எந்தக் கொம்பனி என்று எழுதமாட்டேன். எழுதினால் கருத்துப் பகுதியில் அண்ணன்மார் சண்டை பிடிப்பீர்கள். சின்னப் பிள்ளையை வைத்துக்கொண்டு பழைய வாகனம் வாங்க யோசிக்கிறவர்களுக்கு உதவட்டும் என்று, மகள் நித்திரையான பிறகு இருந்து எழுதுகிறேன்.

ஆசை என் கணவர் ரூபனுடையது, முடிவு என்னுடையது. வீட்டில் பயப்படுகிற ஆள் நான்தான். மூன்று வயது மகள் நிலாவுக்கு, தொண்டையில் சிக்குமென்று முந்திரிகைப் பழத்தை நாலாக வெட்டிக் கொடுக்கிற ஆள். "நீர் ஓம் எண்டாத்தான் வாங்குவம்," என்று ரூபன் சொல்லிவிட்டார். என் நிபந்தனை ஒன்றுதான்: நிலாவின் பிள்ளைச் சீற்றை அதில் ஆடாமல் பூட்டமுடியவேண்டும். அதனால் சீற்றையும் காவிக்கொண்டு போனோம்.

வாங்கினால் இரண்டு வாகனத்தோடு திரும்பவேண்டி வரும் என்று ரயிலில் போனோம். ஹொய டோஸ்ட்ருப் நிலையத்தில் ஏறினால் மாறாமல் நேரே ரண்டர்ஸ், மூன்று மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூட. முன்கூட்டி எடுத்ததால் எங்கள் இருவருக்கும் ஒருவழி 398 குரோனர், நிலாவுக்குக் காசில்லை. ஒரு புத்தி: சீற்றோடு போகிறவர்கள் பிள்ளை வண்டில் வைக்கிற பெட்டியில் இடம் பதியுங்கள். நாங்கள் பதியவில்லை. சீற் முழு வழியும் ரூபனின் மடியில் இருந்தது.

ரண்டர்ஸ் நிலையத்தில் ரூபனோடு முன்பு வேலை செய்த செல்வம் அண்ணை காரோடு நின்றார். வாகனம் நின்ற பண்ணை அங்கிருந்து 14 கிலோமீற்றர்.

"என்ன தங்கச்சி, வாகனம் வாங்கமுன்னமே சீற் வாங்கிப்போட்டியளோ?"

"இது பொருந்தினாத்தான் அண்ணை வாகனம்."

"ஊரில பழங்கார் ஓடினது வேற வழியில்லாமல். நீங்கள் காசு குடுத்து அவதிப்படப் போறியள்."

ரூபன் யன்னலால் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

விற்கிறவர் கியர்ஸ்டன் என்ற பெண்மணி. அறுபது வயது மதிக்கலாம், ஓய்வுபெற்ற தாதி. கணவரும் அவருமாகத் திருத்திய வாகனம். இடுப்பில் சத்திரசிகிச்சை செய்தபின் ஏறி இறங்க முடியவில்லை, அதனால் விற்கிறார். எஞ்சின் எப்படி என்று ரூபன் கேட்டார். "மோசமில்லை," என்றார். ரூபனின் முகம் விழுந்துவிட்டது. செல்வம் அண்ணை காதுக்குள் சொன்னார்: "யூலண்டுச் சனம் மோசமில்லை எண்டால் அந்தமாதிரி, நல்ல திறம் எண்டு அர்த்தம், தம்பி."

உண்மையிலேயே அந்தமாதிரித்தான். கதவு மூடுகிற சத்தமே கனமாக இருந்தது. உள்ளே ஒரே நீளச் சீற், மூன்று பேர் இருக்கலாம். காற்றுப்பை இல்லாத காலத்து வாகனம் என்பதால் பிள்ளையை முன்னுக்கு வைத்தாலும் அது விரிந்து அடிக்கிற பயம் இல்லை. ஆனால் பெல்ட் இடுப்புக்கு மட்டும். எங்கள் சீற்றுக்குத் தோளையும் பிடிக்கிற பெல்ட் வேண்டும். இருந்ததை வைத்துப் பூட்டி, ஒரு கையால் ஆட்டிப் பார்த்தேன். முன்னுக்குச் சரிந்தது.

"சரிவராது," என்றேன். ரூபன் சீற்றைக் கழற்றி வெளியே வைத்தார்.

கியர்ஸ்டனுக்குத் தமிழ் தெரியாவிட்டாலும் விளங்கியிருக்கும். வந்ததற்கு ஓட்டியாவது பாருங்கள் என்று திறப்பை நீட்டினார், ரூபனிடம் இல்லை, என்னிடம். நிலாவை ரூபனோடு வேலியோரம் விட்டுவிட்டு ஏறினேன். கியர் ஸ்டியரிங்கோடு ஒட்டி நிற்கிறது. கிளட்சை முழுக்காலாலும் மிதிக்கவேண்டும். ஸ்டியரிங் கொஞ்சம் பிந்தித்தான் சொல்வழி கேட்கிறது. பண்ணை ஒழுங்கையில் நாற்பதில் போனேன். வயலில் நின்ற ஒருவர் கை காட்டினார், நானும் காட்டினேன். முன்பின் தெரியாத ஆள் டென்மார்க்கில் எனக்குக் கை காட்டியது அதுதான் முதல்தரம். திரும்பி வந்து நிறுத்தியபோது நிலா துள்ளினாள். "இகென், மோர்!" திரும்பவும் ஒருக்கா, அம்மா.

வந்தது வினை. இப்போது எனக்கும் ஆசை. ஆனால் பெல்ட் பெல்ட்தான்.

புறப்படும்போது ரூபன் கியர்ஸ்டனின் கையைப் பிடித்து டெனிஷில் "வி கொமர் இகென்" என்றார். நாங்கள் திரும்ப வருவோம். எனக்கு அதில் ஒன்றும் வித்தியாசமாகப் படவில்லை. வீட்டுவாசலில் 'போறம்' என்று சொல்லி வளர்ந்தவர்களா நாங்கள்? 'போட்டு வாறம்', போய்விட்டு வருகிறோம், என்றுதானே.

ரயில் ஓகூஸைத் தாண்டியபோது ரூபனின் போனுக்கு கியர்ஸ்டனின் செய்தி வந்தது. நாங்கள் போனபின் இன்னொருவர் வந்து கேட்ட விலைக்கே எடுக்க நின்றாராம். திரும்ப வருவதாகச் சொல்லி ஒரு குடும்பம் போயிருக்கிறது என்று அவரை அனுப்பிவிட்டாராம். எப்போது வருகிறீர்கள்?

"நான் போட்டு வாறம் எண்டுதானே சொன்னனான்," என்றார் ரூபன்.

"அவவுக்கு அது விளங்குமே?"

"அப்ப நீர் கதையும்."

நான்தான் கியர்ஸ்டனுக்குப் போன் எடுத்தேன். எங்கள் மொழியில் விடைபெறும்போது போகிறோம் என்று சொல்வதில்லை, வருகிறோம் என்றுதான் சொல்வோம், அது மரியாதை, வாக்குறுதி இல்லை என்று விளக்கினேன். சொல்லச் சொல்ல எனக்கே அது கள்ளச் சாட்டு மாதிரிக் கேட்டது.

கியர்ஸ்டன் நேரே கேட்டார்: "அப்படியென்றால் வரமாட்டீர்களா?"

வரமாட்டோம் என்று சொன்னால் அந்த ஆளைத் திரும்பக் கூப்பிடுவார், கதை முடிந்துவிடும். அந்தச் சொல் என் வாயில் வரவில்லை. பதிலுக்கு, தோள் பெல்ட் பூட்ட வழியிருக்கிறதா என்று கேட்டேன். கதவுத் தூணுக்குள் இரும்புத்தகடு உருக்கி ஒட்டினால் பூட்டலாம், பக்கத்துப் பண்ணையில் ஒட்டுவேலை செய்கிறவர் இருக்கிறார், ஆனால் வாகனப் பரிசோதனையில், அதுதான் நாங்கள் சூன் என்கிறோமே, அதில் காட்டிச் சரி வாங்கவேண்டும் என்றார். செலவு 4,800 குரோனர், பாதி அவர், பாதி நாங்கள்.

"சூன் சரியென்றால் வருவோம்," என்றேன். "இந்தமுறை உண்மையான வருவோம்."

ரூபன் என்னைப் பார்த்த பார்வையை எழுதமாட்டேன்.

சூன் சரியென்று செய்தி வந்ததும் மே கடைசியில் போனோம், அதே சீற்றோடு. பூட்டி ஒரு கையால் ஆட்டினேன். பிறகு இரண்டு கையாலும் ஆட்டினேன். பிறகு செல்வம் அண்ணையையும் ஆட்டச் சொன்னேன். "தங்கச்சி, வாகனம்தான் ஆடுது, சீற் ஆடேல்லை," என்றார். காசு கைமாறியது.

வீடுவரை ஏறத்தாழ 330 கிலோமீற்றர், நான்தான் ஓட்டினேன். கரையில் நிலா, நடுவில் முழங்காலை மடக்கிக்கொண்டு ரூபன். எண்பதுக்கு மேல் போகவில்லை. நின்று நின்று ஆறரை மணித்தியாலம். நூறு கிலோமீற்றருக்குப் பதினாறு லீற்றர் பெற்றோல் குடிக்கும், கணக்கில் வையுங்கள். கடலைத் தாண்டுகிற பெரிய பாலத்தில் காற்று எப்படி என்று முதல்நாளே பாருங்கள், உயரமான பழைய வாகனம் ஆளை ஆட்டிவிடும். பிள்ளையின் சீற்றைக் கட்டாயம் கொண்டுபோய்ப் பூட்டிப் பாருங்கள், படத்தைப் பார்த்து நம்பவேண்டாம். பெல்ட் மாற்றுவதென்றால் முதலில் சூன் நிலையத்தில் கேளுங்கள். பயந்த ஆளிடம் ஓட்டக் கொடுங்கள். பிழை எல்லாம் அவருக்குத்தான் தெரியும்.

கடைசியாக ஒன்று. புறப்படும்போது கியர்ஸ்டன் யன்னலில் கையை வைத்துக்கொண்டு கேட்டார்: "இப்போது போகிறீர்களா, வருகிறீர்களா?" போகிறோம் என்று சொல்ல முயன்றேன், நாக்கு வளையவில்லை. "வருகிறோம்," என்றேன். சரி, ஓகஸ்ட்டில் பிளம்ஸ் பழுக்கும், அப்போது வாருங்கள் என்று காலத்தையே குறித்துவிட்டார். ஆகவே யூலண்டில் வாகனம் பார்க்கப் போனால், பிடிக்காவிட்டால் நன்றி மட்டும் சொல்லுங்கள். வாறம் என்று சொன்னால் போகத்தான் வேண்டும். நாங்கள் ஓகஸ்ட்டில் போகிறோம், பழம் போட வாளியோடு.