வீரலட்சுமியின் ஆறாவது போட்டோ

நாற்பத்தேழு வயதுக்குள் வீரலட்சுமியை ஐந்தே ஐந்து முறைதான் போட்டோ எடுத்திருக்கிறார்கள். அந்த ஐந்திலும் இருப்பது நான் இல்லை என்று அவள் எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சத்தியம் செய்வாள். கல்யாணப் போட்டோவில் கண்ணை மூடியிருக்கிறாள். ரேஷன் கார்டில் யாரோ இப்போதுதான் திட்டி முடித்த மாதிரி இருக்கிறாள். வாக்காளர் அட்டையில் அவளுக்கு மீசை இருக்கிறது. அது அச்சுக் கோளாறு என்று எத்தனை தடவை சொன்னாலும் வீட்டுக்காரர் முனியசாமி கேட்பதில்லை. தேர்தலுக்குத் தேர்தல் அதை எடுத்து வைத்துக்கொண்டு சிரிப்பார். ஆதாரைப் பற்றிப் பேச்சே வேண்டாம். ஐந்தாவது, கம்பெனி அடையாள அட்டை. சுவரோரம் வரிசையாக நிறுத்தி அவசர அவசரமாக எடுத்ததில், பக்கத்தில் நின்றவளின் கையும் சேர்ந்து விழுந்து, வீரலட்சுமிக்கு மூன்று கை ஆகிவிட்டது.

நிஜ வீரலட்சுமியைப் பார்க்க வேண்டுமென்றால் தாயில்பட்டிப் பக்கம் அவள் வேலை பார்க்கும் பட்டாசுக் கம்பெனிக்குத்தான் போக வேண்டும். இருபத்திரண்டு வருடமாக அங்கே பேக்கிங். அவள் சிரித்தால் நாலு ரூம் தள்ளி இருப்பவர்களுக்குக் கேட்கும். இன்னொன்றிலும் அவளுக்குப் பேர் உண்டு, ஓட்டம். வருடத்துக்கு இரண்டு முறை கம்பெனியில் விசில் ஊதி ஓட்டப் பயிற்சி நடக்கும். விசில் சத்தம் கேட்டால் கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு, செருப்பைத் தேடாமல், திரும்பிப் பார்க்காமல், “ஓடுங்க!” என்று கத்திக்கொண்டே வேப்பமரத்தடிக்குப் போய்ச் சேர வேண்டும். சின்னப் பிள்ளைகள் எல்லாம் மூச்சு வாங்க வந்து சேரும்போது வீரலட்சுமி அங்கே ஏற்கெனவே உட்கார்ந்து முந்தானையால் விசிறிக்கொண்டிருப்பாள்.

போன ஆடியில் ஒருநாள் நிஜமாகவே வெடித்து, விசில் ஊதாமலே ஓட வேண்டியதாயிற்று. அன்றைக்கும் அவள்தான் முதலில் வந்து சேர்ந்தாள். மூன்று ரூம் தள்ளி வேலை பார்த்த அவளுடைய சிநேகிதி வள்ளித்தாய் வந்து சேரவே இல்லை.

நான்காம் நாள் பஸ் நிறுத்தத்தில் கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டினார்கள். வேம்பக்கோட்டை ரோட்டில் பிளக்ஸ் கடை வைத்திருக்கும் ஆண்டிச்சாமி அடித்துக் கொடுத்தது. வள்ளித்தாய் வீட்டில் தேடியதில் ரேஷன் கார்டு போட்டோ ஒன்றுதான் தெளிவாக இருந்தது. ஆண்டிச்சாமி அந்தத் தலையை வெட்டி, யாரோ ஒரு நகைக்கடை விளம்பரக்காரியின் உடம்பில் ஒட்டியிருந்தான். பச்சைப் பட்டு, இடுப்பு வரைக்கும் ஆரம், ரோஜா நிறத்தில் கழுத்து, அதற்கு மேலே வள்ளித்தாயின் மிரண்ட முகம். வீரலட்சுமி அதன் முன்னால் நின்று அழுதாள். அழுது முடித்ததும் அவளுக்குக் கோபம் வந்தது, வந்த கோபம் போகவே இல்லை. ஊருக்கே சிரிப்புக் காட்டியவளைக் கடைசியில் ஊருக்கு அடையாளம் தெரியாமல் அனுப்பிவிட்டார்களே என்ற கோபம்.

அன்று சாயங்காலமே வீட்டில் சொல்லிவிட்டாள்.

“நாளைக்கு எனக்கு ஒண்ணுன்னா அந்த ஆண்டிச்சாமி கையில என் தல சிக்கிறக் கூடாது. நல்லா ஸ்டைலா, கூலிங் கிளாஸ் போட்டு, என் ஒடம்போட, என் சிரிப்போட ஒரு போட்டோ எடுக்கணும்.”

“மொதல்ல வாயக் களுவு,” என்றார் முனியசாமி. பிறகு, “கூலிங் கிளாஸ் எதுக்கு பிள்ள?” என்று கேட்டார்.

“மீசைய மறைக்கத்தான்,” என்றாள் வீரலட்சுமி.

எதிரியின் பலத்தைப் பார்த்துவிட்டு வருவோம் என்று முதலில் ஆண்டிச்சாமி கடைக்கே போனாள். டவுசர் போட்ட காலத்திலிருந்து அவனைத் தெரியும்.

“ஏலே, போட்டோ எடுப்பியா?”

“எதுக்குக்கா எடுக்கணும்? தலைய மட்டும் குடுங்க. ஒடம்பு அம்புட்டும் கம்ப்யூட்டர்ல கெடக்கு. கோட்டு போட்ட ஒடம்பு இருக்கு, பட்டுச்சேல இருக்கு. பின்னால பனிமலை வேணுமா, ஹெலிகாப்டர் வேணுமா?”

“ஒடம்பு என்கிட்டயே இருக்குலே. நாப்பத்தேழு வருசமா அதத்தான் சொமந்துக்கிட்டு அலையுதேன்.”

அங்கே ஆகாது என்று தெரிந்ததும் மகள் சினேகாவைப் பிடித்தாள். சினேகா சாத்தூரில் கல்லூரியில் படிக்கிறாள். உலகமே அவள் போனுக்குள் இருக்கிறது. மூன்று நாள் தேடியதில் முதலில் அகப்பட்டவர்கள் எல்லாம் கல்யாண போட்டோக்காரர்கள். ஒருவர் ட்ரோன் பறக்கவிடுவதாகச் சொன்னார். “மேல இருந்து எடுத்தா என் வகிடுதான் தெரியும், வேண்டாம்,” என்று வீரலட்சுமி தள்ளிவிட்டாள். கடைசியில் விருதுநகர் தருண்குமார் கிடைத்தார். சென்னையில் படித்துவிட்டு வந்தவர். ஒற்றை ஆளை ஸ்டைலாக எடுப்பதுதான் அவருடைய தொழிலே. மில் வீட்டு, கம்பெனி வீட்டுப் பெண்கள் எல்லாம் நாற்காலியில் சாய்ந்து, தாடையைத் திருப்பி, எங்கேயோ பார்த்துக்கொண்டிருக்கும் படங்களாக இணையத்தில் போட்டிருந்தார்.

“இவுக எல்லாம் என்னத்த யோசிக்காக?” என்றாள் வீரலட்சுமி.

“ஒண்ணும் யோசிக்கலம்மா. அதான் ஸ்டைலு.”

ஒரு வாரம் கண்ணாடி முன்னால் தாடையைத் திருப்பிப் பழகினாள். முனியசாமி இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, கழுத்துச் சுளுக்குக்குத் தைலம் வாங்கி வந்து கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தாயும் மகளும் விருதுநகர் பஸ் ஏறினார்கள். சினேகா எடுத்து வைத்திருந்தது மயில்கழுத்து நிறத்தில் பளபளக்கும் நைலக்ஸ் சேலை. கம்பெனியில் பருத்தியைத் தவிர வேறு துணி ஆகாது, உரசினால் பொறி வரும் என்று கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆகவே அதை உடுத்தும்போது சரசரவென்று சத்தம் வரவும், வீரலட்சுமி ஏதோ திருட்டுத்தனம் செய்கிறவளைப் போல நாலு பக்கமும் பார்த்துக்கொண்டாள்.

தருண்குமாரின் ஸ்டூடியோ பஜாரில் மிளகாய் வத்தல் மூடைகள் அடுக்கிய ஒரு கிட்டங்கியின் மாடியில் இருந்தது. குறுகலான படி. மேலே ஏறுவதற்குள் இருவருக்கும் ஏழெட்டுத் தும்மல். வரவேற்பறையில் சொர்ணலட்சுமி என்ற அம்மாள் உட்கார்ந்திருந்தார். சிவகாசியில் பட்டாசுக் கம்பெனி நடத்தும் வீடு. மணிவிழாப் படம் எடுக்க வந்திருந்தார். ஒரு கண்ணுக்கு மை தீட்டி முடித்து, அடுத்த கண்ணுக்கு மேக்கப்காரப் பெண் ஆரம்பித்திருந்தாள்.

உள்ளே போனதும் வீரலட்சுமி வெளிச்சக் குடையையும் பார்க்கவில்லை, கேமராவையும் பார்க்கவில்லை. சுற்றிச் சுற்றிச் சுவரைப் பார்த்தாள்.

“தம்பி, ஒத்த வாசல்தானா?”

“ஆமாக்கா. ஏன்?”

“எங்க கம்பெனியில இப்படி ஒரு ரூம் கெட்டுனா லைசென்சே குடுக்க மாட்டாக. ஒரு ரூமுக்கு நாலு வாசல்.” சொல்லிக்கொண்டே வாசல் ஓரம் கிடந்த கேமராப் பையை நகர்த்தினாள், பூ ஜாடியை நகர்த்தினாள், கறுப்புத் திரையை ஒதுக்கிக் கட்டினாள். அக்கா சுத்தக்காரி போலிருக்கிறது என்று தருண்குமார் நினைத்துக்கொண்டார். பாவம், அவருக்கு எப்படித் தெரியும்?

வாசல் கேமராவுக்குப் பின்னால் இருந்தது. வீரலட்சுமி ஸ்டூலில் உட்கார்ந்தாள். கூலிங் கிளாஸ் ஏறியது. பழகிய தாடை சரியான பக்கம் திரும்பியது. சினேகா கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். வெளிச்சம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, தருண்குமார் சும்மா ஒரு தடவை பொத்தானை அமுக்கினார்.

டப்!

வெள்ளை வெளிச்சமும் சத்தமும் சேர்ந்து வந்தன. அடுத்து நடந்ததைத் தருண்குமார் இன்னும் யாருக்கும் ஒழுங்காகச் சொன்னதில்லை. “ஓடுங்க!” என்று ஒரு சத்தம், மயில்கழுத்து நிறத்தில் ஏதோ அவரைத் தாண்டிப் போனது, அவ்வளவுதான். அரை நிமிடத்துக்குள் பஜாரில், வத்தல் மூடைகளுக்கு நடுவில், மூன்று பெண்கள் வெறுங்காலோடு நின்றார்கள். ஒருத்தி வீரலட்சுமி. இன்னொருத்தி பிரஷும் கையுமாக மேக்கப்காரப் பெண். மூன்றாவது, ஒற்றைக் கண் மையோடு சொர்ணலட்சுமி.

“எந்த ரூம்மா?” என்றார் சொர்ணலட்சுமி, மூச்சு வாங்க.

“போட்டோ ரூமும்மா.”

இருவரும் அண்ணாந்து மாடியைப் பார்த்தார்கள். புகை இல்லை. மேலே ஜன்னலில் தருண்குமாரின் தலையும் சினேகாவின் தலையும் மட்டும் தெரிந்தன. சினேகா முகத்தைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

“எந்தக் கம்பெனில வேல பாக்கீங்க?” என்றார் சொர்ணலட்சுமி. வீரலட்சுமி சொன்னாள். “அதானே! எனக்கும் கம்பெனிக்குள்ள வந்து வருசம் முப்பது ஆச்சு, கல்யாண வீட்டுல வெடி போட்டாக்கூட மொத ஆளா எந்திரிச்சிருதேன்.” இருவரும் அங்கேயே நின்று சிரித்தார்கள். மூடை சுமக்கிறவர்கள் வழி கேட்டுக் கத்திய பிறகுதான் படியேறினார்கள்.

மறுபடியும் ஆரம்பித்தார் தருண்குமார். இது வெறும் லைட், ஒன்றும் செய்யாது, கையால் தொட்டுப் பாருங்கள் என்று தொடக்கூட வைத்தார். “எனக்குத் தெரியுது தம்பி. காலுக்கு யாரு சொல்லுதது?” என்றாள் வீரலட்சுமி. எண்ணிவிட்டு எடுத்தால் சரியாகும் என்று ஒன்று, இரண்டு என்றார். மூன்றுக்கு அவள் படியில் இருந்தாள். எண்ணாமல் எடுத்துப் பார்த்தார். அவள் அவர் விரலையே கவனித்துக்கொண்டிருந்து, விரல் அசைந்த மாத்திரத்தில் கிளம்பினாள். சினேகா தோளைப் பிடித்து அமுக்கினாள். இருவருமாகப் போய்ச் சுவரில் முட்டினார்கள். ஏழாவது எட்டாவது தடவையில் வீரலட்சுமிக்குத் தன் காலை நினைத்துத் தனக்கே சிரிப்பு வந்துவிட்டது, சிரித்துக்கொண்டே ஓடினாள்.

கேமராத் திரையில் பார்த்தால் வரிசையாக ஸ்டூல். ஒன்றில் ஸ்டூலும் கால்வாசிச் சேலையும். மற்றொன்றில் ஸ்டூல் மட்டும்.

“ஸ்டூல் ஸ்டைலா விழுந்துருக்கு,” என்றாள் சினேகா.

கடைசியாகத் தருண்குமார் லைட்டை எல்லாம் அணைத்துவிட்டு, அவளை ஜன்னல் பக்கம் உட்கார வைத்து, வெயில் வெளிச்சத்திலேயே எடுத்தார். டப்பும் இல்லை, ஓட்டமும் இல்லை. படம் குறை சொல்ல முடியாமல் வந்திருந்தது. சேலை மடிப்பு தெரிந்தது, மூக்குத்தி தெரிந்தது. ஆனால் அசையாதே அசையாதே என்று தன்னைத்தானே பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததில், முகம் ரேஷன் கார்டாகிவிட்டது. யாரோ திட்டி முடித்த அதே முகம்.

வீரலட்சுமி கூலிங் கிளாஸைக் கழற்றினாள். கண் கலங்கியிருந்தது.

“விடுட்டி. என் மூஞ்சிக்கு அம்புட்டுத்தான் போல. வள்ளியும் இப்படித்தான் போனா. நானும் ஆண்டிச்சாமி வெட்டுன தலையாத்தான் போகணும்னு இருக்கு.”

சினேகாவுக்கு அதுவரைக்கும் எல்லாம் வேடிக்கையாகத்தான் இருந்தது. இப்போது அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். தருண்குமாரும் தலை நிமிராமல், ஆகாத படங்களை ஒவ்வொன்றாக அழிக்க ஆரம்பித்தார். ஸ்டூல். ஸ்டூல். திரைச்சீலை. ஸ்டூல். அப்புறம் அவர் கை நின்றது.

“அக்கா, இங்கன வாங்க.”

எட்டாவது ஓட்டம். விரல் அசைந்ததற்கும் வெளிச்சம் அடித்ததற்கும் நடுவில் அவள் ஸ்டூலை விட்டு எழும்பியிருந்தாள். வாசலைப் பார்த்து, அதாவது நேரே கேமராவைப் பார்த்து, வந்துகொண்டிருந்தாள். ஒரு கால் தரையில், ஒரு கால் அந்தரத்தில். முந்தானை பின்னால் விரிந்து பறக்கிறது. கூலிங் கிளாஸ் நெற்றிக்கு ஏறிவிட்டது. வாய் கொள்ளாத சிரிப்பு, நாலு ரூம் தள்ளிக் கேட்கிற அந்தச் சிரிப்பு.



“ஒரு கை மட்டும் லேசா கலைஞ்சிருக்கு, சரி பண்ணிருதேன்,” என்றார் தருண்குமார்.

“தொடாதீக தம்பி,” என்றாள் வீரலட்சுமி. “இது நாந்தான்.”

வெளியே இருந்த சொர்ணலட்சுமியும் எட்டிப் பார்த்தார். தன் மணிவிழாப் படத்துக்கு நாற்காலி வேண்டாம் என்று சொல்லலாமா என ஒரு கணம் யோசித்ததாகக் கேள்வி.

வீட்டில் முனியசாமி படத்தைத் தூரத்தில் வைத்துப் பார்த்தார், கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். “கடன்காரன் வெரட்டுதானா?” என்றார். ஆனால் அன்றிலிருந்து வாக்காளர் அட்டையை எடுத்துச் சிரிப்பதை விட்டுவிட்டார்.

மறுநாள் வேலை முடிந்து வரும்போது வீரலட்சுமி படத்தை நேரே ஆண்டிச்சாமி கடைக்குக் கொண்டுபோனாள்.

“இதப் பெருசா அடிச்சு பிரேம் போடணும். ஒண்ணையும் வெட்டக் கூடாது, ஒட்டக் கூடாது.”

ஆண்டிச்சாமி படத்தைத் திரையில் போட்டுப் பார்த்தான். நல்லாத்தான் இருக்கு என்று முனகினான். அந்தரத்தில் நிற்கும் காலுக்குக் கீழே ஒரு மேகம் போடட்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்றாள். அப்புறம் தொழில் புத்தியில் தலையைச் சொறிந்தான்.

“யக்கா, தப்பா நெனைக்காதீக. எதுக்கு எடுக்கீகன்னு சினேகா சொல்லுச்சு. ஆனா இத வச்சு எப்படி அஞ்சலி பேனர் அடிக்கது? மேல கண்ணீர் அஞ்சலின்னு கெடக்கும், கீழ நீங்க சிரிச்சுக்கிட்டே ஓடிவாரீக. பாக்கவுக என்ன நெனப்பாக?”

“ரூம விட்டு வெளிய வந்துட்டா போலன்னு நெனப்பாக,” என்றாள் வீரலட்சுமி. “நெனைக்கட்டும்லே. நீ பெருசா அடி.”