துள்ளுகிற இறாலும் விரதம் இருந்த பாடகியும்

மேடைக்குப் பின்னால் தார்ப்பாய் கட்டிய கிரீன் ரூமில் சம்பூரணம் அக்கா தூக்குவாளியைத் திறந்தபோது, நான் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு பாடகிக்கு முன்னால் நின்றேன். வாளிக்குள் இறால் தொக்கும் சோறும். வாசனை பிரமாதம், அதை மறுக்க மாட்டேன்.

துபாய் ஹோட்டல் கிச்சனில் பல வருடம் வெந்துவிட்டு வந்து, காரைக்காலில் கேட்டரிங் நடத்துகிறேன். கடற்கரையில் நடக்கும் இசை விழாவில் கலைஞர்களின் சாப்பாடு என் பொறுப்பு. அந்த முறை பாட வந்த நிவேதாவுக்கு இறால் ஆகாது. வாயில் பட்டால் உதடு வீங்கும், தொண்டை அடைக்கும், மூச்சு இழுக்கும். அதற்கு முன் வேறோர் ஊரில் பாதிப் பாட்டில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். எனவே அவளுக்குத் தனி அடுப்பு, தனி எண்ணெய், தனிக் கரண்டி வைத்தேன். என் கிச்சனில் யாரும் ஒரு குறை சொல்ல முடியாது. ஆபத்து தூக்குவாளியில் நடந்து வரும் என்று துபாய் டிரெயினிங்கில் யாரும் சொல்லித்தரவில்லை.

சம்பூரணம் அக்கா காரைக்கால்மேட்டில் மீன் ஏலம் எடுத்து விற்கிறவர். விழாவுக்கு வருகிறவர்களுக்கு ஒருவேளைச் சாப்பாடு மேட்டுக்காரர்கள் வீட்டிலிருந்து வருவது வழக்கம். வேண்டாம் என்றால் முகத்தில் அடித்த மாதிரி.

“அக்கா, இந்தப் பொண்ணுக்கு எறா அலர்ஜி” என்றேன்.

“செத்த எறாவத் தின்னா யாருக்குத்தான் அலர்ஜி வராது? இது காலைல துள்ளிக்கிட்டுக் கெடந்தது பாய். ஒண்ணும் செய்யாது.”

“ஃப்ரெஷ்ஷா இருந்தாலும் ஆகாதுக்கா.”

“மெட்ராஸ்ல ஐஸ்ல போட்டத குடுத்துப் புள்ள வயித்தக் கெடுத்து வச்சிருக்காங்க. கண்ணு, ஒரு வாய் வாங்கிக்க. நானே ஊட்டி விடுறேன்.”

கவளம் உயர்ந்துவிட்டது. நிவேதா வாயை இறுக மூடிக்கொண்டு பின்வாங்கிக்கொண்டே போய் டிரம்ஸ் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு வேறு வழி தெரியவில்லை.

“அக்கா, அவங்க விரதம்!”

கை அந்தரத்தில் நின்றது. “அடடா, தெரியாமப் போச்சே தாயி” என்று இன்னொரு கையால் கன்னத்தில் போட்டுக்கொண்டு வாளியை மூடினார். போகிற வழியில் அந்தக் கவளத்தை விழாச் செயலாளர் வாங்கி ரசித்துச் சாப்பிட்டார்.

எங்கள் ஊரில் உடம்புக்கு ஆகாது என்றால் இன்னும் இரண்டு கரண்டி கூடுதலாக வைப்பார்கள். விரதம் என்றால் கிட்டவே வரமாட்டார்கள். என் சமயோசிதத்தை நானே மெச்சிக்கொண்டு, அவளுக்கென்று சமைத்த சோறு, பருப்பு, வாழைக்காய் வறுவலை எடுத்து வந்து திறந்தேன். செயலாளர் ஓடிவந்து டப்பாவைப் பிடுங்கினார்.

“என்ன பாய், நீங்களே விரதத்தக் கெடுக்குறீங்க? நோன்பு வைக்கிற ஆளு, உங்களுக்குத் தெரியாதா?”

பதிலுக்கு அவர் அனுப்பியது பாலும் வாழைப்பழமும். பால் குடித்தால் அவள் வயிறு உப்பிக்கொள்ளுமாம். ஆகப் பழம்தான். அதற்குள் சேதி பரவி, ஒரு அம்மா கைக்குழந்தையை ஆசீர்வாதத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். எதற்கு விரதம் என்று கேட்டவர்களிடம், கல்யாணம் கூடிவரத்தான் என்று செயலாளர் அடித்துவிட்டார். பக்கத்தில் கிடாருக்குக் கம்பி மாற்றிக்கொண்டிருந்த நிவேதாவின் கணவர் தலை நிமிரவே இல்லை.

சவுண்ட் செக்கில் அவள் குரல் மேலே ஏறாமல் தடுமாறியது. “பசிக்குது பாய். இப்படியே பாடினா மானம் போயிடும்” என்றாள். அவளைக் காப்பாற்றுகிறேன் என்று பட்டினி போட்டிருக்கிறேன்.

சாயங்காலம் கூட்டம் நிறைந்தது. மைக்கைப் பிடித்த அவள் பாட்டைத் தொடங்கவில்லை.

“நான் விரதமெல்லாம் இல்லைங்க. எறா தின்னா எனக்குத் தொண்டை அடைச்சு மூச்சு நின்னுடும். எவ்வளவு ஃப்ரெஷ்ஷா இருந்தாலும் அப்படித்தான். பாய் என்னைக் காப்பாத்தத்தான் பொய் சொன்னாரு. ரொம்பப் பசிக்குதுங்க.”

செயலாளர் என்னைப் பார்த்தார். நான் கடலைப் பார்த்தேன்.

முன்வரிசையிலிருந்து சம்பூரணம் அக்கா எழுந்தார். “மூச்சு நின்னுடும்னு சொல்ல வேண்டியதுதானே பாய்! அலர்ஜின்னா ரெண்டு நாளு சொறியும்னுல்ல நெனச்சேன்? புள்ளையக் கொல்லப் பாத்தேனே!”

மற்றவர்கள் வாத்தியங்களை வாசித்துச் சமாளிக்க, நிவேதா பின்னால் வந்து சாப்பிட்டாள். அக்கா முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்து காவலுக்கு நின்றார். என் கரண்டியை வாங்கி முகர்ந்தே பார்த்தார். தண்ணீர் கொடுக்க வந்த செயலாளரை, “நீங்க எறா தின்ன கையி. அந்தாண்ட போங்க” என்று விரட்டினார்.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். வியாதியின் பெயரோடு நிறுத்தாதீர்கள். தின்றால் என்ன ஆகும் என்பதைப் பச்சையாகச் சொல்லுங்கள். ஜனங்களுக்குப் புரியாது என்று நீங்களாக முடிவு கட்டாதீர்கள்.

சாப்பிட்டுவிட்டு வந்து அவள் பாடினாள். குரல் உச்சத்துக்கு ஏறி நின்றபோது கடற்கரையே கைதட்டியது. சம்பூரணம் அக்கா மட்டும் தட்டவில்லை. நிவேதா அடுத்த மூச்சை இழுக்கும்வரை அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.