கிளெனிஸ் பார்கெட்டரின் எதிர்வாதம்

ஆஸ்திரேலியாவின் கூராபின் ஊரில் பள்ளிப் பேருந்து ஓட்டும் கிளெனிஸ் பார்கெட்டர் பத்தாம் வகுப்பைத் தாண்டியதில்லை. ஆனால் இலக்கிய விஷயத்தில் அவளிடம் வாய்கொடுத்து யாரும் மீண்டதில்லை. இருபத்தாறு வருடமாகப் பரீட்சைப் பிள்ளைகள் அவள் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து உருப்போட்டதெல்லாம் அவள் காதிலும் விழுந்தது. முதன்மைப் பாத்திரம், எதிர்ப் பாத்திரம், உள்நோக்கம், கூற்று, சான்று, எதிர்வாதம், மறுப்பு. பரீட்சை முடிந்ததும் பிள்ளைகள் மறந்துவிடுவார்கள். இவள் மறக்கவில்லை, ஊருக்குச் சனி பிடித்தது அப்படித்தான்.

கசாப்புக் கடைக்காரர் எந்நேரமும் மழையைப் பற்றியே பேசுவதால், ஒரே குணமுள்ள தட்டைப் பாத்திரம் என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னாள். கணவன் லிண்ட்சே மாறாத பாத்திரம். முப்பது வருடமாக அதே தொப்பி, அதே நாற்காலி. அடுப்பங்கரைப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை.

எதிர்ப் பாத்திரம் கோரல் த்வெயிட்ஸ். ஊர்க் கண்காட்சியில் பதினொரு வருடமாகப் பழக் கேக்குக்கான முதல் பரிசு நீல ரிப்பன் அவளுக்கே. கிளெனிஸுக்கு எப்போதும் இரண்டாமிடம்.

இந்த வருடம் கிளெனிஸின் கேக் அவ்வளவு அழகாக எழும்பியிருந்தது. ஆனால் மதியம் கண்காட்சிக் கொட்டகைக்குள் போய்ப் பார்த்தால் பக்கத்தில் ஒரு சீட்டு: 'அடியில் கம்பித் தடம். தகுதி நீக்கம்.' எங்கள் ஊரில் பெண்டாட்டியை விட்டு ஓடினவனுக்குக்கூட மன்னிப்பு உண்டு. ஆறவைக்கும் கம்பித் தட்டின் கோடு கேக்கில் விழுந்தால் மன்னிப்பே கிடையாது. அதற்குத்தான் தட்டின் மேல் துண்டை விரித்துக் கேக்கை வைப்போம்.

"நான் துண்டு மேலதான் வெச்சேன்," என்றாள் கிளெனிஸ். "கேக்கை வாங்கி அடுக்கினது கோரல். அவதான் கம்பித் தட்டுல வெச்சு கெடுத்திருக்கா. உள்நோக்கம், பொறாமை."

"ஜெயிக்கிறவளுக்கு என்னத்துக்குப் பொறாமை?" என்றான் லிண்ட்சே.

"நீ சும்மா இரு. நாலு மணிக்குள்ள புகார் எழுதிக் குடுக்கணும்."

"யார்கிட்ட?"

"கோரல்கிட்டதான். கேக் பிரிவுக்குப் பொறுப்பு அவதானே."

ஆட்டுக் கொட்டகைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள். முதல் பக்கத்தில் கூற்றும் சான்றும் கோரலின் தலையில் இடியாக இறங்கின. அடுத்து எதிர்வாதம். எதிராளியின் பலமான வாதத்தை நேர்மையாக எழுதாவிட்டால் பாதி மதிப்பெண் போச்சு என்பது பேருந்துப் பாடம். எழுந்து போய்க் கேக்கைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு வந்து எழுதினாள்.

'கொட்டகைத் தட்டில் இருப்பவை சதுரக் கட்டங்கள். கேக்கில் இருப்பவை நேர்க்கோடுகள். மேலும், வெள்ளம் வந்த வருடம் கோரல் தன் கோழி முட்டைகளைப் போட்டிக்காரிகளுக்கெல்லாம் பங்கு வைத்தாள், எனக்கும் கொடுத்தாள். ஒருமுறை என் கேக் மேசையிலிருந்து சரிந்தபோது, தன் புதுச் சட்டை பாழாவதைப் பாராமல் நெஞ்சால் தாங்கினாள். இப்படிப்பட்டவளா ஏமாற்றுவாள்?'

கையோட்டத்தில் பக்கம் நிறைந்தது. அடுத்து 'மறுப்பு' என்று எழுதிவிட்டுப் பேனாவைக் கடித்தாள். ஒன்றும் வரவில்லை. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பது இதுதான்.

"நேர்க்கோடு நம்ம வீட்டுத் தட்டுலதான் இருக்கு," என்று முனகினாள். "ஆனா நடுவுல துண்டு இருந்துச்சே."

பக்கத்தில் உட்கார்ந்து, ரொட்டியில் வைத்த சாசேஜை மென்றுகொண்டிருந்த லிண்ட்சேயின் வாய் நின்றது. "நீலத் துண்டா?"

"ஆமா."

"நாய் நனைஞ்சு நடுங்குச்சு. அதான் எடுத்துத் துடைச்சேன். கேக்கை ரெண்டு கையாலயும் பத்திரமாத் தூக்கி மறுபடி தட்டு மேலயே வெச்சுட்டேன்."

"நீ அடுப்பங்கரைக்குள்ள போனியா?" ரிப்பன் போனதைவிட அது அவளைப் பலமாகத் தாக்கியது.

பாவி, கோரல் மேல் அபாண்டமாகப் பழி போட்டுவிட்டோமே என்று வெட்கம் பிடுங்கித் தின்றது. தாளைக் கிழிக்கப் போனாள். அதற்குள், நாலு மணிக்குச் சரியாக, கோரலே வந்து நின்று கையை நீட்டினாள்.

"புகார் இருக்காமே. குடு."

"இல்ல கோரல், அது வந்து..."

கோரல் தாளைப் பிடுங்கிக்கொண்டாள். முதல் பக்கத்தைப் படிக்கையில் அவள் முகம் காது வரை சிவந்தது. இரண்டாம் பக்கத்தை ரொம்ப நேரம் படித்தாள். மறுபடி மேலே போய்ப் படித்தாள்.

"என் பக்கம் நின்னு இதை எழுதினது யாரு?"

"நான்தான். எதிர்வாதம்னா அப்படித்தான் எழுதணும். கோடு எங்க வீட்டுத் தட்டுதான் கோரல், தப்பு என்னோடது."

கோரல் மூக்கை உறிஞ்சினாள். "தகுதி நீக்கம் நீக்கம்தான். அதுல மாத்தமில்ல."

"தெரியும்."

"பதினொரு வருஷமா எல்லாரும் என் கேக்கைத்தான் நல்லா இருக்குன்னாங்க." முதல் பக்கத்தை மட்டும் கிளெனிஸிடம் திருப்பிக் கொடுத்தாள். "இன்னொண்ணை நான் வெச்சுக்கலாமா?"