எடைமேடை மாதுவின் வண்டி

மாதுவுக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று தொப்பூர்ப் பக்கத்தில் சொல்வார்கள். சுத்தப் பொய். மூக்கு நுனியில் இருந்தால் ஒரு தும்மலில் பாதியாவது இறங்கியிருக்கும். அவனுக்கு அது உடம்பு பூராவும் இருந்தது. இருக்காதா பின்னே? இருபது வருஷம் லாரி ஓட்டிய மனிதன். கணவாய் இறக்கத்தில் பின்னால் வந்த எவனோ பிரேக் பிடிக்காமல் வந்து மோத, இவன் பேரில் எள்ளளவு தப்பும் இல்லாமல், வலது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று. அது நடந்து மூன்று வருஷம். இப்போது நெடுஞ்சாலை ஓரத்து எடைமேடையில் உட்கார்ந்துகொண்டு, அடுத்தவன் ஓட்டி வரும் லாரிக்கு எடை போட்டுச் சீட்டுக் கிழித்துக் கொடுக்கிறான். மேடை மேல் ஏறுகிற ஒவ்வொரு லாரியும் நெஞ்சு மேல் ஏறுவதுபோல இருக்கிறது என்று பெண்டாட்டி ராமக்காளிடம் ஒரே ஒரு தடவை சொன்னான். அப்புறம் சொல்வதை விட்டுவிட்டுக் கத்த ஆரம்பித்தான்.

சாம்பாரில் உப்புக் குறைந்தால் கத்துவான். டிரைவர் எவனாவது மேடையில் கோணலாக நிறுத்தினால், அவன் பரம்பரையையே இழுப்பான். "நான் ஓட்டறப்ப இப்பிடியாடா நிறுத்துவன்?" என்பதுதான் எல்லாத் திட்டுக்கும் கடைசி வரி.

அந்த வாயை அடக்கியது ஒரு ரிமோட் கார். ராமக்காளின் தம்பி அருள்குமார் நல்லம்பள்ளியில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவன். மாமன் படுகிற பாட்டைப் பார்க்கச் சகிக்காமல் ஒருநாள் அதைக் கொண்டுவந்து மடியில் வைத்தான். முழங்கை நீளம், பட்டை போட்ட ரப்பர் டயர், உள்ளே பேட்டரியும் மோட்டாரும். "ஏன்டா, நான் இன்னா சின்னப் புள்ளையா?" என்று மாது எரிந்து விழுந்தான். ஆனால் வறண்டு கிடந்த ஏரியில் கொண்டுபோய் விட்டு, ரிமோட்டின் விசையை விரலால் ஓர் இழு இழுத்ததும் வண்டி புழுதியைக் கிளப்பிக்கொண்டு பறந்தது. ஆக்சிலேட்டர் மிதிக்கக் கால் கேட்காத வண்டி! அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை என்றால் மாது ஏரியில்தான். அந்த ஒருநாள் மட்டும் வீட்டில் சத்தம் இருக்காது. ராமக்காள் அதைப் 'பொம்மை' என்றுதான் சொல்வாள். சொல்லும்போதெல்லாம் வாங்கிக் கட்டிக்கொள்வாள்.

ஆயுத பூஜை வந்தது. தெருவில் டிராக்டர், பைக், மினி லாரி எல்லாம் குளித்து முழுகிச் சந்தனமும் குங்குமமுமாக நின்றன. மாதுவுக்கு வயிறு எரிந்தது. விடிந்ததும் விடியாததுமாகக் காரைத் தூக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

"ஏங்க, பூஜை போட்டுட்டு எடுத்துக்கிட்டுப் போங்களேன்" என்றாள் ராமக்காள்.

"எந்த வண்டிக்குடி பூஜை? அம்மிக்கல்லுக்குப் போட்டுக்க!"

ஏரியில் பேட்டரியைச் சொருகி சுவிட்சைப் போட்டான். முன்சக்கரம் இடமும் வலமும் ஒழுங்காகத் திரும்பியது. விசையை இழுத்தான். வண்டி வெட்டி வெட்டி ரெண்டு முழம் போனது, பொசுங்கல் நாற்றம் அடித்தது, புகை வந்தது, நின்றுவிட்டது. மாது அதை எடுத்துப் பார்த்தான். மோட்டாருக்கு எவ்வளவு கரண்ட் போக வேண்டும் என்று அளந்து விடுகிற தீப்பெட்டி அளவுப் பெட்டி ஒன்று உண்டு. ஸ்பீட் கன்ட்ரோலர் என்பார்கள். அதுதான் கொதித்துக் கிடந்தது. அது போனால் வண்டி வெறும் பிளாஸ்டிக்.

வீடு வந்தவன் சாமியாடினான். விற்றவன் திருடன், செய்தவன் அயோக்கியன், வயர் பற்றவைத்த மச்சான் உதவாக்கரை. மத்தியானம் தட்டில் எலுமிச்சம்பழச் சோறு விழுந்ததும் அதன் மேலும் பாய்ந்தான். "பண்டிகையும் அதுவுமா இதாடி சோறு? எல்லாச் சனியனும் சேர்ந்துதான் வரும்!" ராமக்காள் இன்னொரு கரண்டி போட்டாள். தின்றான்.

மறுநாளே காரை விற்ற பெங்களூர்க் கடைக்காரனுக்குப் போன் போட்டான். "தண்ணி பட்டிருந்தா வாரண்டி வராது சார்" என்றான் அவன்.

"முனியப்பன் மேல ஆணையா ஒரு சொட்டுத் தண்ணி படலய்யா! மழை தூறுனாலே துணி போட்டு மூடறவன் நானு!"

"அப்போ வீடியோ கால்ல திறந்து காட்டுங்க சார். காஞ்சிருந்தா புதுசு அனுப்பறேன்."

மாது மீசையை முறுக்கிக்கொண்டு நல்லம்பள்ளிக்குப் பஸ் ஏறினான். அருள்குமார் போனை ஸ்டாண்டில் நிறுத்தி, கடைக்காரன் பார்க்கப் பார்க்க, சின்ன ஸ்குரூவைக் கழற்றி கன்ட்ரோலரின் மூடியைத் திறந்தான். உள்ளே ஈரம். ஓரமெல்லாம் வெள்ளை வெளேரென்று ஏதோ படிந்திருந்தது. அருள்குமார் விரலால் தொட்டான், தேய்த்தான், முகர்ந்தான்.

"மாமா... சோப்புத்தூளு."

போனுக்குள் கடைக்காரன் சிரித்த சிரிப்பு கடை முழுக்கக் கேட்டது. "சார், துணி போட்டு மூடறீங்களா, துணியோட சேர்த்துத் துவைக்கறீங்களா?"

மாதுவுக்கு முகம் செத்துவிட்டது. முனியப்பனை வேறு சாட்சிக்கு இழுத்தாயிற்று. அருள்குமார் தன் பழைய ரிமோட் காரில் இருந்த கன்ட்ரோலரைக் கழற்றிக் கையில் கொடுத்தான். அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மாது பஸ் ஏறினான். வழி பூராவும் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தான். வீட்டில் இருப்பதே ரெண்டு பேர். அவன் கழுவவில்லை.

வாசலிலேயே ஆரம்பித்தான். "யாரைக் கேட்டுடி தண்ணியில முக்குன? உனக்கு அது பொம்மைதானே! நாசமாப் போகட்டும்னுதானே முக்குன?"

ராமக்காள் அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள். மூன்று வருஷமாக எதிர்த்து வாய் திறக்காதவள், அன்றைக்குத் திறந்தாள்.

"கத்துங்க! நல்லாக் கத்துங்க! மூணு வருஷமா இந்தத் தெருவுல எல்லா வூட்டு முன்னாலயும் வண்டி நிக்குது. நம்ம வூட்டு முன்னால கோலம் மட்டும் கெடக்குது. பொம்மைய எவளாவது ராத்திரி உக்காந்து கழுவுவாளா? எங்கூட்டுக்காரரு வண்டினு கழுவுனன்! நீங்க லாரிய எப்பிடிக் கழுவுவீங்களோ அப்பிடியே, சோப்புத்தூள் போட்டு, அடியிலெல்லாம் பிரஷ் வுட்டுக் கழுவுனன். லாரி தண்ணியில கெட்டுதா? இது கெடும்னு எனக்கு இன்னா தெரியும்? நாலு டயருக்கு நாலு எலுமிச்சம்பழம் வாங்கியாந்து சாமிகிட்ட வெச்சிருந்தன். அதுக்குள்ள கக்கத்துல இடுக்கிக்கிட்டு ஓடுனீங்க. அந்தப் பழத்தைத்தான் புழிஞ்சு சோத்துல போட்டன். திட்டிக்கிட்டே ரெண்டு தரம் வாங்கித் தின்னீங்களே!"

"அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா?" என்று மாது முனகினான்.

"சொல்ற மாதிரியா இருந்தீங்க?"

அவள் உள்ளே போய்விட்டாள். பாத்திரங்கள் சத்தமாக விழுந்தன. மாது கட்டைக் காலை நீட்டித் தரையில் உட்கார்ந்து, அருள்குமார் கொடுத்ததை எடுத்து வண்டியில் பொருத்தினான். ஸ்குரூ நழுவியபோதெல்லாம் அதையும் திட்டினான். மச்சானை, பெங்களூர்க்காரனை, சோப்புத்தூள் விற்றவனை, கடைசியில் தன்னையே ஒரு கெட்ட வார்த்தை சொல்லித் திட்டினான். வண்டியைக் கவிழ்த்துப் பிடித்து விசையை லேசாக இழுத்தான். நாலு சக்கரமும் விர்ரென்று சுற்றின.

அடுப்படிச் சத்தம் நின்றது. ராமக்காள் நிலைப்படியில் நின்றாள். ஏரியில் இன்னும் வெளிச்சம் இருந்தது. கிளம்பிவிடுவான் என்றுதான் அவள் நினைத்தாள். மாது எழுந்திருக்கவில்லை. அவள் முகத்தைப் பார்க்காமல், தெருவுக்கே கேட்கிற குரலில் கத்தினான்.

"இன்னாடி பாத்துக்கிட்டு நிக்கற? கடைக்கு ஓடு! கழுவறன்னு மட்டும் கிட்ட வந்த, தெரியும் சேதி! நாலு எலுமிச்சம்பழம் வாங்கிக்கிட்டு வா. பூஜை போடாத வண்டிய எவன்டி வெளிய எடுப்பான்?"