அம்புரோஸின் பலகைக் கிடார்

திருவொற்றியூர் ஆலையில் பிரஸ் மெஷின் அம்புரோஸின் இடது கையில் மூன்று விரல்களை எடுத்துக்கொண்டது. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் மிச்சம். தையல் பிரித்து வந்தவனுக்குக் கம்பெனி கொடுத்தது ஒரு கடிதம்: கை உதவாது, வேலை இல்லை. அது 1973. நான் சங்கச் செயலாளர். ஸ்டோர்ஸில் மாற்று வேலை கொடு என்று தொழிலாளர் துறையின் சமரச அதிகாரியிடம் தாவா எழுப்பினோம்.

அம்புரோஸ் ராயபுரத்து மாதா கோயிலில் பாட்டுக் குழுவுக்குக் கிடார் வாசித்தவன். விரல் போனதும் கோயிலை விட்டான், பேச்சை விட்டான். மூட்டைப்பூச்சி மருந்தைப் பக்கத்து வீட்டில் கொடுத்து வைத்திருப்பதாக அவன் மனைவி ஃப்ளோரன்ஸ் என்னிடம் சொல்லி அழுதாள்.

பிறகு ஒரு நாள் அவனே துறைமுகத்துப் பெட்டிப் பலகை ஒன்றைத் தேடி எடுத்து இழைக்க ஆரம்பித்தான். மடியில் கிடத்தி, இரும்பு உருளையைத் தந்தி மேல் நகர்த்தி வாசிக்கிற கிடார் ஒன்று உண்டு. அதற்கு இரண்டு விரல் போதும். உருளை, பழைய பேரிங்கிலிருந்து வந்தது. தந்தியின் சத்தத்தை ரேடியோ வழியாகப் பெரிதாக்க ஒரு காந்தம் வேண்டும்; அது, ரேடியோ ரிப்பேர்க்கார ஜாபர் கொடுத்த உடைந்த டெலிபோனிலிருந்து. காந்தத்தைச் சுற்றி முடி போன்ற செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்று சுற்ற வேண்டும். அவன் சுற்றினான், ஃப்ளோரன்ஸ் எண்ணினாள். ஏழு முறை அறுந்தது. எட்டாவது முறை ஜாபரின் ரேடியோ பெட்டியில் சத்தம் வந்தது.

போய்ப் பார்த்தேன். அந்த அரைக் கை உருளையை நூலிழை பிசகாமல் நிறுத்தியது. கை உதவும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம் என்று முடிவு செய்தேன். நான்தான் முடிவு செய்தேன்.

சமரச அதிகாரி அறைக்குப் பலகையும் ரேடியோவும் சுமந்து போனோம். பதினோரு மணிக்கு விசாரணை. ஒயரைச் செருகினோம், கரண்ட் இல்லை. மின்வெட்டைக் காட்டிக் கம்பெனி ஆட்களை லே-ஆஃப் செய்வதை எதிர்த்து நானே நோட்டீஸ் அடித்தவன். எந்த ஏரியாவில் எந்த நேரம் வெட்டு என்ற பட்டியல் என் சட்டைப் பையில் இருந்தது. எடுத்துப் பார்க்கவில்லை.

மடியில் வாசித்தான். கொசு சத்தம்தான் வந்தது. கம்பெனி அதிகாரி அருள்பிரகாசம் சிரித்தார். அம்புரோஸ் எழுந்து பலகையின் நுனியைச் சமரச அதிகாரியின் தேக்கு மேசை மேல் அழுத்தி வைத்து, நின்றபடியே வாசித்தான். மேசை பாடியது. குமாஸ்தாக்கள் வாசலில் வந்து நின்றார்கள். ஜெயித்தோம் என்று நினைத்தேன்.

அருள்பிரகாசம் சிரிப்பை நிறுத்திவிட்டு நிதானமாகச் சொன்னார்: "பிரமாதமா வாசிக்கிறாரே, சார். கச்சேரிக்குப் போனா எங்க ஸ்டோர்ஸ்ல கிடைக்கிறதைவிட ஜாஸ்தி கிடைக்கும். கையில தொழில் இருக்கிறவருக்கு நாங்க எதுக்கு?"

சமரச அதிகாரி அதை எழுதிக்கொண்டார். சமரசம் முறிந்தது என்று கோப்பை மூடினார்.

கச்சேரியாம். எந்தக் குழு இவனை மேடையில் ஏற்றும்? கையைப் பார்த்ததுமே ரெண்டு குழுவில் திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

படியிறங்கும்போது அம்புரோஸ் கேட்டான்: "வாசிக்காம இருந்தா கை இல்லன்றான். வாசிச்சா, கைதான் கீதே, போய்ப் பொயச்சுக்கோன்றான். நான் இன்னாதான் பண்ணட்டும், தலீவரே?"



அடுத்த வாரம் ஸ்டோர்ஸுக்கு வேறு ஆள் எடுத்தார்கள். அம்புரோஸ் சங்கத்துக்கு வரவில்லை. அவன் வீட்டு வாசலை மிதிக்க எனக்கு மூன்று மாதம் ஆனது. வேலை இருந்தது என்று சொல்லிக்கொண்டேன். வெட்கம்தான்.