அறுபத்து மூன்றாவது ஸ்தோத்திரம்

பெர்சிஸின் குரலுக்கு மைக்கே தேவையில்லை. ஆனாலும் தி.நகரில் அவள் வேலை பார்த்த பாத்திரக்கடையில் ஒரு மைக்கைக் கையில் கொடுத்து வாசலில் நிறுத்தியிருந்தார்கள். பழைய குக்கரைக் கொண்டுவந்து புதுசு வாங்கிப் போகச் சொல்லி அவள் கூப்பிட்டால், எதிர்க்கடைக்குப் புடவை எடுக்கப் போனவர்களும் ஒரு நிமிடம் நின்று யோசிப்பார்கள். பதினாறு வருடமாக அந்தக் குரல்தான் அவளுக்குச் சோறு போட்டது.

அதே குரலில் தினமும் காலை ஐந்தரைக்கு மந்தைவெளி வீட்டுச் சமையலறையில் நின்று நூறு ஸ்தோத்திரம் சொல்வாள். கணவர் தரமணிக்கு ஆபீஸ் பஸ் ஓட்டுபவர். ஐந்து மணிக்கே கிளம்பிவிடுவார். பொத்தாம்பொதுவாக ஆண்டவருக்கு நன்றி சொல்லி ஒப்பேற்றுகிற ஆளில்லை அவள். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் வேண்டும், வரிசையும் மாறக்கூடாது. குழாயில் தண்ணீர் வந்ததற்கு, இட்லி மாவு பொங்கியதற்கு, தி.நகர் பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்ததற்கு என்று போய்க்கொண்டே இருக்கும். அறுபத்து மூன்றாவது, பக்கத்து வீட்டு ஷாகிராவுக்குப் பொறுமை கொடுத்ததற்கு.

அந்தப் பொறுமை ஷாகிராவிடம் மருந்துக்கும் கிடையாது. அது பழைய வரிசை வீடு. இரண்டு சமையலறைகளுக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர், மேலே ஒரு வென்டிலேட்டர். வீட்டிலேயே பிளவுஸ் தைக்கும் ஷாகிரா, விடியற்காலைத் தொழுகை முடிந்து அரை மணி நேரம் கண்ணயர்வாள். அந்த நேரம் பார்த்துத்தான் இந்தப் பக்கம் ஸ்தோத்திரம் ஆரம்பிக்கும். கரண்டியை எடுத்துச் சுவரில் டக் டக்கென்று தட்டுவாள். தன் பெயர் வரும் இடத்தில் இரண்டு தட்டு கூடுதலாக விழும். ஏழு வருடமாக இதே கதைதான். ஆனால் நோன்புக் கஞ்சி இந்தப் பக்கம் வருவதும், அச்சு முறுக்கு அந்தப் பக்கம் போவதும் ஒரு வருடம்கூடத் தவறியதில்லை.

போன ஜூலையில் பெர்சிஸுக்குக் கழுத்தில் தைராய்டு கட்டி. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, குரல்தான் போய்விட்டது. நரம்பு அசந்திருக்கிறது, திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்றார் டாக்டர். தீபாவளிவரை அவள் இடத்தில் வேறு ஆளைப் போடுவதில்லை என்றார் கடை முதலாளி.

சபையிலிருந்து நான்கு பேர் வந்து ஜெபித்தார்கள். இதற்கும் நன்றி சொல்லம்மா என்று சொல்லி, காபி குடித்துவிட்டுப் போனார்கள். பெர்சிஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. துதித்த தொண்டையையே எடுத்துக்கொண்டால் எதைச் சொல்லித் துதிப்பது? மனசுக்குள்கூட ஒரு ஸ்தோத்திரம் வரவில்லை. வழக்கம்போல ஐந்தரைக்கு அடுப்பைப் பற்றவைத்துவிட்டு உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றாள். கழுத்துத் தையலைவிட அதுதான் அவளுக்கு அதிகம் வலித்தது.

ஆபரேஷன் முடிந்த பதினோராம் நாள் காலையில் சுவரில் டக் டக் என்றது. மூச்சுக்கூட விடாதவளை எதற்குத் தட்டுகிறாள் என்று பெர்சிஸ் திகைத்தாள்.

"பெர்சிக்கா, நீ கத்தாம எனக்குத் தூக்கமே வர்ல," என்றாள் ஷாகிரா வென்டிலேட்டர் வழியாக. "உன் லிஸ்ட்டு பூரா எனக்கு மனப்பாடமா கீது. நான் ஒண்ணொண்ணா சொல்லிக்கினு வரேன். ஸ்தோத்திரத்த நீ கரண்டியால தட்டு."

முதல் தட்டைப் பெர்சிஸ் மரியாதைக்காகத்தான் தட்டினாள். இருபதாவதில் ஷாகிரா வரிசையை மாற்றிவிட்டாள். பெர்சிஸ் மூன்று முறை ஓங்கித் தட்டித் திருத்தினாள். நாற்பதுக்குமேல் ஷாகிரா தன் தையல் மெஷினுக்குப் புது பெல்ட் போட்டதையும் நைசாகச் சொருகினாள். சத்தம் வராமல் சிரித்ததில் பெர்சிஸுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. அதற்குப் பிறகு விழுந்த தட்டெல்லாம் மனசாரத் தட்டியவை.

அன்றிலிருந்து தினமும் நடந்தது. ஒன்றே ஒன்றுதான் குறை. அறுபத்திரண்டு முடிந்ததும் ஷாகிரா அறுபத்து நான்குக்குத் தாவிவிடுவாள். தன்னைத் தானே பொறுமைசாலி என்று சொல்லிக்கொள்ள யாருக்கு வாய் வரும்? பெர்சிஸ் எவ்வளவு தட்டினாலும் காதில் விழாத மாதிரியே போய்விடுவாள்.

தீபாவளிக்கு ஐந்து வாரம் இருக்கும்போது ஒரு காலை, ஷாகிரா வழக்கம்போலத் தாவினாள். பெர்சிஸால் தாங்கவில்லை. ஏழு வருடம் அதைப் பாதிக் கிண்டலாகத்தான் சொல்லியிருக்கிறாள். இப்போது அது முழுக்க உண்மையாகியிருக்கிறது, சொல்லத்தான் ஆளில்லை. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வாயைத் திறந்தாள்.

"ஷாகிராவுக்கு... பொறுமை கொடுத்ததுக்கு... ஸ்தோத்திரம்."

துருப்பிடித்த கேட்டைத் திறந்த மாதிரி இருந்தது. ஆனால் அவள் குரல்தான்.

"அல்ஹம்துலில்லாஹ்," என்று அந்தப் பக்கம் தன் வழியில் இறைவனைப் புகழ்ந்தாள் ஷாகிரா. மூக்கை உறிஞ்சுவது இங்கே நன்றாகக் கேட்டது. உடனே சுவரில் டக் டக், கூடவே இரண்டு தட்டு.

"மெதுவா கத்து பெர்சிக்கா. மன்சன் தூங்க வாணாமா?"

பெர்சிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அறுபத்து நான்கைத் தானே சொல்ல ஆரம்பித்தாள்.